‘ரன்’ என்னும் ஒரு சொல்

(நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் மூன்றே எழுத்து. ‘ரன்’. பொருள் கேட்டால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட ‘ஓடு’ என்று சொல்லிவிடும். அந்த விடை சரிதான். ஆனால் அதே பிள்ளை வளர்ந்து, கல்லூரிக்கு வந்து, ஆங்கிலச் செய்தித்தாளைக் கையில் எடுக்கும்போது திகைத்து நிற்கிறது. அமெரிக்காவில் ஒருவர் அதிபர் பதவிக்கு ‘ரன்’ செய்கிறார். ஒரு வங்கியின் மேல் ‘ரன்’ நடக்கிறது. குழந்தைக்கு மூக்கு ‘ரன்’ ஆகிறது. துவைத்த சட்டையில் சாயம் ‘ரன்’ ஆகிறது. ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்கு ‘ரன்’ ஆகிறது. வீட்டில் சர்க்கரை ‘ரன் அவுட்’ ஆகிவிட்டது. இவற்றில் யார் ஓடினார்கள், எங்கே ஓடினார்கள் என்று அந்தப் பிள்ளை கேட்டால், நம்மில் பலர் “அது அப்படித்தான், மனப்பாடம் செய்துகொள்” என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம்.

அப்படிச் சொல்லக் கூடாது என்று சொல்லத்தான் நான் இங்கே நிற்கிறேன். இத்தனை பொருளும் காரணமில்லாமல் வந்து ஒட்டிக்கொண்டவை அல்ல. ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்கள், குதிரை வளர்த்தவர்கள், வேட்டைக்குப் போனவர்கள், போருக்குப் போனவர்கள், மட்டை பிடித்தவர்கள், ஆலை நடத்தியவர்கள், பணம் போட்டவர்கள் என்று ஆங்கிலம் பேசிய மக்களில் ஒவ்வொரு கூட்டத்தாரும் தங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு பொருளை இந்தச் சொல்லுக்குக் கொடுத்துப் போயிருக்கிறார்கள். அந்த வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் பொருள் மனத்தில் தங்கிவிடும். அதைப் பார்க்காமல் பட்டியலைப் படித்தால் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோகும்.

முதலில் இந்தச் சொல்லின் பரப்பைச் சொல்லிவிடுகிறேன். சாமுவேல் ஜான்சன் 1755-இல் தம் புகழ்பெற்ற ஆங்கில அகராதியை வெளியிட்டார். அதன் முன்னுரையில், தம் உழைப்பை மிகவும் பெருக்கிய சில வினைச்சொற்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். எங்கும் புழங்குகிற, பொருள் தளர்ந்து விரிந்து முதற்பொருளை விட்டு வெகுதூரம் போய்விட்ட சொற்கள் அவை. கம், கெட், கிவ், கோ, மேக், டேக் என்று நீளும் அந்தப் பட்டியலில் ‘ரன்’னும் இருக்கிறது. அந்தப் பேரறிஞரையே திணறடித்த சொல்லைத்தான் நாம் ஒன்றாம் வகுப்பில் ஒரே சொல்லால் முடித்துவிடுகிறோம்.

பிறகு ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி வந்தது. 1884-இல் பகுதி பகுதியாக வரத் தொடங்கி 1928-இல் முழுமை பெற்ற அந்த அகராதியில் மிக நீண்ட இடம் பிடித்த சொல் ‘செட்’. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதற்கு 430 பொருள்கள். மூன்றாம் பதிப்புக்கான திருத்த வேலையில் அந்த முதலிடம் கைமாறிக்கொண்டே வந்தது. 2000-இல் ‘மேக்’, 2007-இல் ‘புட்’, 2011-இல் ‘ரன்’. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள். பெயர்ச்சொல்லாக வரும் பொருள்கள் தனி. பீட்டர் கில்லிவர் என்னும் அகராதியியலாளர் இந்த ஒரு சொல்லுக்காக ஒன்பது மாதம் வேலை செய்தார்.

அவர் என்ன வேலை செய்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். இந்த அகராதிக்குப் பொறுப்பேற்ற ஜேம்ஸ் மர்ரே 1879-இல் பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். நீங்கள் படிக்கும் நூல்களில் ஒரு சொல் வரும் வாக்கியத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி, நூலின் பெயரும் ஆண்டும் குறித்து அனுப்புங்கள் என்று கேட்டார். லட்சக்கணக்கில் சீட்டுகள் வந்து குவிந்தன. 1928 பதிப்பில் அச்சேறிய மேற்கோள்கள் மட்டுமே 18 லட்சத்துக்கு மேல். அகராதி செய்தவர்கள் பொருளைத் தம் மனத்திலிருந்து எடுத்து எழுதவில்லை. வாக்கியங்களை ஆண்டு வாரியாக அடுக்கிவைத்து, எங்கே ஒரு பொருள் பிறக்கிறது, எங்கே அது கிளைக்கிறது என்று கண்டு எழுதினார்கள். கில்லிவர் செய்ததும் அதே வேலைதான். வாக்கியத்துக்குப் பிறகுதான் பொருள் என்ற இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்ப வருவேன்.

இப்போது சொல்லின் பிறப்புக்கு வருவோம். இங்கே தமிழ் இலக்கணம் நமக்குக் கைகொடுக்கிறது. ‘ஓடு’ என்பது தன்வினை, ‘ஓட்டு’ என்பது பிறவினை. மாடு ஓடுகிறது, உழவர் ஏர் ஓட்டுகிறார். பழைய ஆங்கிலத்திலும் இப்படி இரண்டு வினைகள் இருந்தன. தானே ஓடுவதற்கு ‘ரின்னன்’, அதையே எழுத்து மாறி ‘இர்னன்’ என்றும் சொல்வார்கள். குதிரையை ஓடச் செய்வதற்கு ‘ஆர்னன்’. ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் மொழியிலும் இவற்றுக்கு உறவான இரண்டு வினைகள் இருந்தன. நூற்றாண்டுகள் போகப் போக இவை எல்லாம் ஒன்றோடொன்று கலந்து ‘ரன்’ என்ற ஒரே வடிவத்தில் வந்து நின்றன. அதனால்தான் இன்று அந்த ஒரு சொல்லே ஓடவும் செய்கிறது, ஓட்டவும் செய்கிறது. ‘ரன் எ கம்பெனி’ என்றால் நிறுவனத்தை நடத்துவது. நம் ஊரில் “கடையை எப்படியோ ஓட்டிக்கிட்டிருக்கேன்”, “குடும்பத்தை ஓட்டணுமே” என்று சொல்வதில்லையா? அந்த ‘ஓட்டு’தான் இது. ‘ரன்’னுக்கு நேரே ‘ஓடு’ என்று மட்டும் எழுதிக்கொடுத்தால் அதன் பாதிப் பொருளை நாம் மறைத்துவிடுகிறோம். பிள்ளைகளே, உங்கள் நோட்டில் இன்றே ‘ஓடு, ஓட்டு’ என்று இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து தண்ணீர். ஜெர்மன் மொழியில் இதன் உடன்பிறப்பான ‘ரின்னன்’ இன்றும் நீர் வழிந்தோடுவதைக் குறிக்கிறது. ஆங்கிலத்திலும் மனிதன் ஓடுவதைச் சொன்ன அதே பழைய காலத்திலிருந்து நீர் ஓடுவதையும் இந்தச் சொல் சொல்லிவருகிறது. குழாய், மூக்கு, சாயம், உருகும் வெண்ணெய் எல்லாம் இந்த நீர்க்கிளையைச் சேர்ந்தவை. நாம் மூக்கு ஒழுகுகிறது என்போம், சாயம் போகிறது என்போம். ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் ஓட்டத்தையே வைத்துக்கொண்டது. பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி செய்யப் பயன்படும் ‘ரென்னட்’ என்ற பொருளின் பெயரும் இதே குடும்பம்தான். பாலில் சிதறி நிற்பது ஓடி ஒன்றுசேர்வதைத்தான் அவர்கள் திரிதல் என்று கண்டார்கள். வயிற்றுப்போக்கை ஆங்கிலப் பேச்சுவழக்கில் ‘த ரன்ஸ்’ என்பார்கள். இலங்கைத் தமிழர் அதை வயிற்றோட்டம் என்றே சொல்கிறார்கள். இரண்டு மொழியும் ஒரே காட்சியைக் கண்டிருக்கின்றன.

அமெரிக்காவின் சில பகுதிகளில் சிற்றோடைக்கே ‘ரன்’ என்று பெயர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ‘புல் ரன்’ என்ற பெயரில் 1861-இலும் 1862-இலும் இரண்டு பெரும் போர்கள் நடந்ததை வரலாற்று நூலில் படித்திருப்பீர்கள். காளை எதுவும் அங்கே ஓடவில்லை. வர்ஜீனியா மாநிலத்தில் ஓடும் ஓர் ஓடையின் பெயர் அது.

தண்ணீரை விட்டுக் குதிரைக்கும் வேட்டைநாய்க்கும் வருவோம். இங்கிலாந்தின் நாட்டுப்புற வாழ்வில் வேட்டைக்கும் பந்தயத்துக்கும் பெரிய இடம் இருந்தது. நரி வேட்டையில் நாய்கள் பின்தொடர வேண்டிய மோப்பத்தை விட்டுவிட்டு வேறு மோப்பத்தின் பின்னால் போய்விட்டால் அதை ‘ரன் ரயட்’ என்றார்கள். இன்று கட்டுப்பாடில்லாமல் போகிற எதற்கும் அந்தத் தொடர். நரியின் வளைக்கு வேட்டைக்காரர் மொழியில் ‘எர்த்’ என்று பெயர். நரியை வளை வரை துரத்திச் சென்றால் ‘ரன் டு எர்த்’. நெடுநாள் தேடிய ஒன்றைக் கடைசியில் கண்டுபிடித்தாலும் இன்று அதையே சொல்கிறார்கள். நம் பள்ளி விளையாட்டு விழாவில் இரண்டாம் பரிசு பெறுகிறவரை ‘ரன்னர்-அப்’ என்கிறோமே, அது முயல் துரத்தும் நாய்ப் பந்தயத்திலிருந்து வந்தது. எல்லாச் சுற்றிலும் தோற்காமல் ஓடிவந்து கடைசிச் சுற்றில் மட்டும் தோற்ற நாய்க்கு அந்தப் பெயர்.

தேர்தலுக்கும் இந்தச் சொல் பந்தயத் திடலின் வழியாகத்தான் வந்திருக்கிறது. அமெரிக்காவில் வேட்பாளர் ‘ரன்’ செய்கிறார். பிரிட்டனில் அதே வேட்பாளர் ‘ஸ்டாண்ட்’ செய்கிறார், அதாவது நிற்கிறார். நாமும் “தேர்தலில் நிற்கிறார்” என்றுதான் சொல்கிறோம். பந்தயக் குதிரைக்கு வேகம் கொடுக்க அதே லாயத்திலிருந்து கூடவே ஓடவிடும் குதிரைக்கு ‘ரன்னிங் மேட்’ என்று பெயர் இருந்தது. பிறகு அதிபர் வேட்பாளரோடு சேர்ந்து போட்டியிடும் துணை அதிபர் வேட்பாளருக்கு அந்தப் பெயர் வந்தது. 2020-இல் ஜோ பைடன் தம் ‘ரன்னிங் மேட்’டாகக் கமலா ஹாரிஸை அறிவித்தபோது, அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரம் நம் செய்தித்தாள்களில் எல்லாம் இடம்பெற்றது. அன்று அந்தத் தொடரை முதல்முறையாகக் கேட்டவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருப்பார்கள்.

போரும் தப்பியோட்டமும் தந்த பொருள்கள் வலி மிகுந்தவை. ‘ரன் த காண்ட்லெட்’ என்று ஒரு தொடர் உண்டு. நாலாபக்கமும் தாக்குதலைத் தாங்கிக்கொண்டு கடந்து போவதைக் குறிக்கும். இது ஸ்வீடன் நாட்டுப் படையின் தண்டனை. இரண்டு வரிசையாகச் சிப்பாய்கள் கோலும் கயிறும் ஏந்தி எதிரெதிரே நிற்பார்கள். குற்றம் செய்தவன் நடுவே ஓட வேண்டும், இரு பக்கமும் அடி விழும். ஸ்வீடிஷ் மொழியில் ‘காட்லொப்’, சந்தில் ஓடுதல் என்று பொருள். 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் ஆங்கிலச் சிப்பாய்கள் இதைக் கேட்டு வந்தார்கள். அயல்மொழிச் சொல் வாயில் வராததால், காதுக்குப் பழகிய கையுறையின் பெயரான ‘காண்ட்லெட்’ ஆக அது மாறிப்போனது. கையுறைக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

கடலில் முற்றுகையை உடைத்துக்கொண்டு சரக்குக் கொண்டுபோன கப்பல்கள் ‘பிளாக்கேட் ரன்னர்’ எனப்பட்டன. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்த காலத்தில் சாராயம் கடத்தியவர் ‘ரம் ரன்னர்’. வீட்டை விட்டு ஓடிப்போய்த் திருமணம் செய்வதற்கும் இதே சொல். 1753-இல் இங்கிலாந்து ஒரு திருமணச் சட்டம் செய்தது. 21 வயது நிரம்பாதவர் பெற்றோர் இசைவின்றி மணம் முடிப்பதை அது தடுத்தது. ஸ்காட்லாந்தில் அந்தச் சட்டம் செல்லவில்லை. எல்லையைத் தாண்டியதும் வரும் கிரெட்னா கிரீன் என்ற சிற்றூருக்கு இளையவர்கள் ஓடத் தொடங்கினார்கள். நம் பேச்சிலும் “ஓடிப்போயிட்டாங்க” என்றால் வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை.

இனி எல்லோருக்கும் பிடித்த பகுதி, கிரிக்கெட். நம் நாட்டில் ஆங்கிலம் ஒரு வரி படிக்காதவரும் சொல்கிற ஆங்கிலச் சொல் ‘ரன்’ என்றால் அதற்கு இந்த விளையாட்டுதான் காரணம். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கணக்கெழுதுபவர் ஒரு குச்சியில் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒரு வெட்டுப் போடுவார். அதனால் எண்ணிக்கையை ‘நாட்ச்’ என்று சொன்னார்கள், வெட்டு என்று பொருள். பிறகு, ஓடுகிற செயலின் பெயரே எண்ணிக்கைக்கும் பெயராகி நிலைத்தது. 22 கஜ தூரத்தை மட்டையாளர் இருவரும் எதிரெதிராக ஓடிக் கடந்தால் ஒன்று. பந்து எல்லைக் கோட்டைத் தொட்டால் ஓடாமலே நான்கு கிடைக்கிறது, அதற்கும் பெயர் ரன்தான். செயலைக் குறித்த சொல் அளவைக் குறிக்கும் சொல்லாக மாறிய பிறகு செயலே தேவைப்படவில்லை. இந்தச் சொல்லின் வேறு பல பொருள்களும் இப்படிப் பிறந்தவைதான்.

அந்த ஓர் ஓட்டத்தின் மதிப்பையும் சொல்ல வேண்டும். டெஸ்ட் வரலாற்றில் இரண்டே ஆட்டங்கள் ‘டை’ ஆகி முடிந்திருக்கின்றன. முதலாவது 1960 டிசம்பரில் பிரிஸ்பேனில், ஆஸ்திரேலியாவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் நடந்தது. ஜோ சாலமன் எறிந்த பந்து நேரே குச்சியில் பட்டு, வெற்றிக்கான கடைசி ஓட்டத்தை எடுக்க ஓடிய இயான் மெக்கிஃப் ‘ரன் அவுட்’ ஆனார். இரண்டாவது 1986 செப்டம்பரில் நம் சேப்பாக்கத்தில் நடந்தது. வெயிலில் துவண்டு, வாந்தி எடுத்துக்கொண்டே டீன் ஜோன்ஸ் 210 ரன் எடுத்த ஆட்டம். கடைசி ஓவரில் ரவி சாஸ்திரி ஓடி எடுத்த ஒற்றை ரன்னில் இரண்டு அணிகளும் சமமாயின. மேலும் ஒரு ரன் எடுத்தால் வெற்றி என்ற நிலையில், கிரெக் மேத்யூஸ் பந்தில் மனிந்தர் சிங் ஆட்டமிழந்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தச் சொல்லுக்குப் பெரிய வளர்ச்சி வந்தது. அதற்குக் காரணம் இயந்திரம். அதுவரை ஓடுவதற்கு உயிரோ நீரோ காற்றோ வேண்டியிருந்தது. 1825-இல் ஸ்டாக்டனுக்கும் டார்லிங்டனுக்கும் இடையே நீராவி ரயில் ஓடியது. 1830 செப்டம்பர் 15 அன்று லிவர்பூல், மான்செஸ்டர் பாதை திறக்கப்பட்டது. அந்தத் திறப்பு நாளிலேயே நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் ஹஸ்கிசன் ‘ராக்கெட்’ என்ற இயந்திரத்தில் அடிபட்டு இறந்தார். வண்டி ஏறிவிடுவதை ஆங்கிலத்தில் ‘ரன் ஓவர்’ என்பார்கள். இந்தத் தொடர் ரயிலுக்கும் பொருந்திய கொடுமையை அன்று உலகம் கண்டது. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ரயில் விட்டபோது தமிழும் வேறு சொல்லைத் தேடாமல் ‘ஓடுகிறது’ என்றே சொல்லிவிட்டது.

ஆலையில் இயந்திரம் ‘ரன்’ ஆனது. ஒரு மூச்சில் அது தந்த சரக்கும் ‘ரன்’ ஆனது. தரம் பிரிக்காமல் வந்தபடி கிடக்கும் சரக்கு ‘ரன் ஆஃப் த மில்’. இன்று சிறப்பேதும் இல்லாத எதற்கும் அந்தத் தொடர். ஒரே தடவையில் அச்சிடும் பிரதிகள் ‘பிரிண்ட் ரன்’. அச்சகத்தாரும் லாரிப் பட்டறைக்காரரும் நம்மிடம் “ரன்னிங்ல இருக்கு”, “ரன்னிங் கண்டிஷன்” என்று சொல்வது இந்த ஆலைக்கிளையிலிருந்து வந்தது.

பிறகு கணினி. 1948 ஜூன் 21 அன்று மான்செஸ்டரில் ‘பேபி’ என்று அழைக்கப்பட்ட இயந்திரம், தன் நினைவகத்தில் ஏற்றிவைத்த நிரலை முதல்முறையாக ‘ரன்’ செய்தது. எழுதியவர் டாம் கில்பர்ன். 262144 என்ற எண்ணுக்கு, அந்த எண்ணைத் தவிர்த்த மிகப் பெரிய காரணி எது என்பது கணக்கு. 52 நிமிடம் ஓடி, 131072 என்று சரியான விடை தந்தது. கண்ணுக்குத் தெரிய எதுவும் நகரவில்லை. ஆனாலும் ஒன்றன்பின் ஒன்றாக, இடைவிடாமல், போட்ட வழியிலேயே செயல்கள் நடந்தன. அந்தத் தொடர்ச்சியைத்தான் அவர்கள் ஓட்டமாகக் கண்டார்கள்.

நாடகக் கொட்டகையிலும் அதே தொடர்ச்சிதான் பொருள். அகதா கிறிஸ்டியின் ‘த மவுஸ்டிராப்’ நாடகம் 1952 நவம்பர் 25 அன்று லண்டனில் தொடங்கி, 2020 மார்ச்சில் கொரோனா வந்து நிறுத்தும்வரை ஓடியது. பிறகு மீண்டும் தொடங்கியது. உலகின் மிக நீண்ட ‘ரன்’ என்று அதைச் சொல்வார்கள். 1944-இல் வந்த ‘ஹரிதாஸ்’ மூன்று தீபாவளி கண்டு ‘ஓடியது’ என்று நம் பெரியவர்கள் சொல்வதும் அதே பொருளில்தான்.

வங்கியின் மேல் நடக்கும் ‘ரன்’ சற்று நின்று பார்க்க வேண்டியது. போட்ட பணம் முழுவதையும் எந்த வங்கியும் பெட்டியில் பூட்டி வைத்திருப்பதில்லை. பெரும்பகுதி கடனாக வெளியே போயிருக்கும். எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்டால் நல்ல வங்கிகூடத் தர முடியாது. முதலில் போனவருக்குத்தான் கிடைக்கும் என்ற பயம் வந்துவிட்டால், மற்றவர்கள் ஓடுகிறார்கள் என்பதற்காகவே நாமும் ஓடுவோம். இந்தச் சுழலை 1983-இல் டக்ளஸ் டயமண்டும் பிலிப் டிப்விக்கும் கணித முறையில் விளக்கினார்கள். வைப்புத்தொகைக்குக் காப்பீடு இருந்தால் இந்த ஓட்டத்தைத் தடுக்கலாம் என்றும் காட்டினார்கள். 2022-இல் அவர்களுக்கு, பென் பெர்னான்கியோடு சேர்த்து, பொருளியல் நோபல் கிடைத்தது. 1866-இல் லண்டனில் ஓவரெண்ட் கர்னி நிறுவனம் விழுந்தபோது மக்கள் உண்மையாகவே வங்கிகளுக்கு ஓடினார்கள். 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கியின் வாசல்களில் நீண்ட வரிசைகள் நின்றன. 2023 மார்ச் 9 அன்று கலிபோர்னியாவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க முயன்றார்கள். பெரும்பாலோர் வீட்டிலும் அலுவலகத்திலும் உட்கார்ந்தபடி எடுக்க முயன்றார்கள். அதற்கும் பெயர் ‘ரன்’. கால் ஓடிய காலம் போய் அச்சம் மட்டும் ஓடுகிறது.

எதுவுமே நகராத இடத்திலும் ஆங்கிலம் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறது. சாலை பள்ளத்தாக்கின் வழியே ‘ரன்’ ஆகிறது, வேலி வயலோரமாக ‘ரன்’ ஆகிறது. நாமும் “சாலை மலையைச் சுற்றிப் போகிறது”, “சுவரில் விரிசல் ஓடியிருக்கிறது” என்கிறோம். லெனர்ட் டால்மி என்ற மொழியியலாளர் இதைப் புனைவு இயக்கம் என்ற பொருளில் பெயரிட்டு ஆராய்ந்தார். சாலை நகரவில்லை என்றால் எது நகர்கிறது? டீனி மேட்லாக் என்ற உளவியலாளர் 2004-இல் வெளியிட்ட சோதனைகள் இதற்கு அழகான விடை தருகின்றன. படிப்பவர்களுக்கு முதலில் ஒரு பயணக் கதை கொடுத்தார். சிலருக்கு வேகமான பயணம், சிலருக்கு மெதுவான பயணம். பிறகு சாலை ‘ரன்’ ஆகிறது என்பது போன்ற வாக்கியத்தைக் காட்டினார். மெதுவான பயணத்தைப் படித்தவர்கள் அந்த வாக்கியத்தைப் புரிந்துகொள்ளக் கூடுதல் நேரம் எடுத்தார்கள். அதாவது வாக்கியத்தைப் படிக்கும்போது மனம் அந்தச் சாலையில் பயணம் போகிறது. இத்தகைய வாக்கியங்களுக்குள் உண்மையாகவே ஓர் இயக்கம் இருக்கிறது, அது படிப்பவரின் மனத்தில் நடக்கிறது.

கடைசியாக, நம் மாணவர்கள் மிகவும் அஞ்சும் பகுதி. ‘ரன் அவுட்’, ‘ரன் இன்டு’, ‘ரன் த்ரூ’, ‘ரன் டவுன்’, ‘ரன் அப்’ என்று பின்னால் ஒரு சிறு சொல் ஒட்டியதும் பொருள் மாறிவிடுகிறது. வெளிநாட்டவருக்கு இதுவே பெரிய இடர் என்பதை ஜான்சன் 1755-லேயே உணர்ந்து, அவற்றைத் தனிக் கவனத்தோடு தொகுத்தார். ‘வி ரேன் அவுட் ஆஃப் சுகர்’ என்ற வாக்கியத்தை என் வகுப்பில் ஒரு மாணவர், நாங்கள் சர்க்கரையை விட்டு வெளியே ஓடினோம் என்று எழுதினார். அவர் மேல் குறையே இல்லை, ஒவ்வொரு சொல்லுக்கும் நாங்கள் சொல்லிக் கொடுத்த பொருளைத்தான் எழுதினார். நீர் ஓடி ஓடித் தீர்ந்துபோகும் காட்சியை அவருக்கு யாரும் காட்டவில்லை. தொட்டியில் தண்ணீர் வெளியே ஓடிவிட்டது, இனி இல்லை. அதே காட்சியில் நேரம், பொறுமை, பணம், சர்க்கரை எல்லாம் ‘ரன் அவுட்’ ஆகின்றன. தமிழும் வினைக்குப் பின்னால் இன்னொரு வினையை வைத்து இதைச் செய்கிறது. ஓடிவா, ஓடிப்போ, ஓடிவிடு, ஓட்டிக்கொள் என்று எத்தனை வேறுபாடு! தமிழ்ப் பிள்ளைக்கு இந்த நுட்பம் பிறப்பிலேயே வந்தது. அதை எடுத்துக்காட்டினால் அச்சம் போய்விடும்.

ஆசிரியர்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான். சொல்லுக்கு எதிரே ஒரு தமிழ்ச்சொல் எழுதிப் போடும் முறையை எளிய தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். யார் ஓடுகிறார், எது ஓடுகிறது, எதை ஓட்டுகிறார் என்று மூன்று கேள்வி கேளுங்கள். ஓடுவது நீரா, விலங்கா, இயந்திரமா, கூட்டமா, கோடா என்று கண்டுபிடித்துவிட்டால் பொருளின் கிளை தெரிந்துவிடும். கற்பவருக்கான அகராதிகளும் இந்த எண்ணத்தில் பிறந்தவையே. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, தாய்மொழி ஆங்கிலம் இல்லாதவர்களின் இடர்ப்பாட்டை வகுப்பறையில் கண்டு, 1942-இல் டோக்கியோவில் ஓர் அகராதி வெளியிட்டார். அதுவே 1948-இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாகி இன்றுவரை நம் மாணவர் கையில் இருக்கிறது. ஜான் சின்க்ளேர் தலைமையில் பர்மிங்காமில் உருவாகி 1987-இல் வந்த கோபில்ட் அகராதி, பொருளையே முழு வாக்கியமாக எழுதியது. தமிழில் 1992-இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு பொருள் தந்தது. மூன்றையும் நூலகத்தில் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். எடுத்துக்காட்டு வாக்கியங்களை முதலில் படித்துவிட்டு, பிறகு பொருளுக்குப் போங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை. மர்ரே 1879-இல் கேட்டதையே நானும் கேட்கிறேன். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். செய்தித்தாளிலோ பாடப் புத்தகத்திலோ ‘ரன்’ வரும் வாக்கியத்தைக் கண்டால், அதை முழுதாக எழுதி, எங்கே எப்போது வந்தது என்று குறியுங்கள். எதிரே எது ஓடுகிறது என்று ஒரு வரி எழுதுங்கள். ஐம்பது வாக்கியம் சேர்ந்தால் இந்தச் சொல் உங்களுடையது. பிறகு ‘கெட்’, ‘டேக்’, ‘கோ’ என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் நம் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு வேலைக்கும் மேற்படிப்புக்கும் குறுக்கே நிற்கும் கதவாக இருக்கிறது. கடினமான சொற்களால் அந்தக் கதவு அடைபடவில்லை. இந்தச் சின்னச் சொற்களால்தான் அடைபட்டிருக்கிறது. அவற்றைத் திறக்கப் பணம் வேண்டாம், பொறுமையும் ஒரு நூலகமும் போதும். நூலகம் இங்கே இருக்கிறது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் குறைந்தது பத்து வாக்கியங்களோடு வாருங்கள். சேர்த்துவைத்துப் பார்ப்போம்.